முழங்கால் உயரப் பதிவறை

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, ஓர் இடத்தில் எல்லாமும் அடங்காதபோது எதை வெட்டுவது என்று மனிதன் முடிவெடுத்த வரலாறுதான். பழங்காலத்தில் சுவரை இடித்தார்கள். அறிவு வளர்ந்தபின் பொருளைத் தூக்கிப் போட்டார்கள். ஆளைத் தூக்கிப் போட்ட காலங்களும் உண்டு. அதை மட்டும் யாரும் வரலாறாக எழுதி வைக்கவில்லை. குடும்ப விஷயம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். இரும்பு ராக்கின் கால்களை வீட்டிலேயே, மலிவான கருவிகளைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த பெருமை நம் காலத்துக்கே உரியது. குறிப்பாக, பதிவக்கா வேலை பார்த்த அலுவலகத்துக்கு உரியது.

பதிவக்கா என்பது அவளுடைய பெயர் அல்ல. பதிவறையில் வயதைக் கழித்த ஒருத்திக்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு என்று அலுவலகம் பெருந்தன்மையோடு நினைத்தது. அவளும் நாளடைவில் அப்படியே நினைக்கப் பழகிவிட்டாள். அவள் தொழிலில் ஒரே ஒரு விதிதான் உண்டு. அட்டைச் சீட்டு கட்டிய எதையும் யாரும் வெளியே போட முடியாது. ஒருமுறை யாரோ மறந்துவிட்டுப் போன குடைக்கு, சும்மா கிடக்கிறதே என்று ஒரு சீட்டைக் கட்டி வைத்தாள். அதன்பிறகு எத்தனையோ மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள், குடை இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் ஆண்டுதோறும் அதை விரித்துப் பார்த்து, மடக்கி, "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பதிவக்காவுக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள் என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்பதை ஊருக்கே சொல்கிற குரல் அவளுடையது. தான் எங்கே போவது என்பதுதான் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. அடித்த கணவனை விட்டு வந்து ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். விடுதிக்காரம்மாவோ, கட்டடத்தை உடற்பயிற்சி நிலையமாக மாற்றப் போவதாகவும், மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்யவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். ஊரில் உடம்பைக் குறைக்க இடம் போதாமல் தவிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்களாம்.

அன்று சாப்பிடும்போது பதிவக்கா பேச்சை எடுத்தாள்.

"சின்னவ நம்ம சின்ன ரூம்ல வந்து இருக்கட்டுமா?"

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் அளக்காமல் பேசமாட்டார். கை கழுவிவிட்டு டேப்பை எடுத்து வந்தார். சின்ன அறையில் அவருடைய பயிற்சிக் கூம்புகள், சிவப்பு 'எல்' எழுதிய பலகைகள், யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் காய்ந்த துணி, மாமியாரின் பழைய தகரப் பெட்டி, பெட்டிக்குள் கிழிந்த திரைச்சீலைகள். கதவோரத்தில் ஒரு எட்டு வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதை மட்டும் அவர் நேர்மையாக அளந்தார்.

"நான் வேணாம்னா சொல்றேன்? நீயே பாரு. ரிவர்ஸ் எடுக்கக்கூட இடம் இல்ல."

"அவ வண்டியா என்ன, ரிவர்ஸ் எடுக்க?"

"பேச்சுக்குச் சொல்றேம்மா. மனசுல இடம் இருக்கு. ரூம்ல இல்ல."

மாமியார் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் தொடரைவிட வீட்டை உன்னிப்பாகப் பார்ப்பவர்.

"அவளும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்ல? பொண்ணுன்னா நாலு எடத்துல குறைஞ்சுதான் போகணும்."

"அத்தை, அவன் அடிக்கிறான்."

"ஆமா, அது தப்புதான்" என்று மாமியார் நியாயத்தின் பக்கம் நின்றார். "ஆனா இடம் இல்லியே."

பதிவக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தனக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமே என்று தேடிப் பார்த்தாள். ஒரு கோப்பைத் தேடுகிற மாதிரிதான் தேடினாள்: இருக்கவேண்டிய தட்டில் இல்லை, பக்கத்துத் தட்டிலும் இல்லை. யாரோ எப்போதோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை. அது இல்லாதது அவளை வருத்தவில்லை. இல்லாமலே இத்தனை காலம் வேலை நடந்திருக்கிறதே என்பதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் புரட்சி வெடித்தது.

மேலாளர் ஏதோ ஒரு மலை விடுதியில் நடந்த பயிலரங்குக்குப் போய், புதுச் சொற்களோடு திரும்பியிருந்தார். அலுவலகம் பாதி மாடியைக் காலி செய்யப் போகிறது. அதை அவர் அப்படிச் சொல்லவில்லை. "பதிவறைங்கறது ஒரு இடம் இல்ல. அது ஒரு மனநிலை" என்றார். அந்த மனநிலையை ஊழியர்கள் அவரவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். ஆளுக்கு ஓர் இரும்பு ராக், அது கொள்ளும் அளவுக்குக் கோப்புகள். இதற்குப் 'பரவலாக்கப்பட்ட பதிவறைத் திட்டம்' என்று பெயர்.

"சார், வீட்டுல இடம் வேணுமே" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"இடம் கட்டடத்துல இல்ல சார், இங்க இருக்கு" என்று மேலாளர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அங்க ராக் நிக்குமா சார்?"

'ஆரோக்கியமான விவாதம் நடைபெற்றது' என்று கூட்டக் குறிப்பில் பதிவானது. பதிவக்காவின் நீண்ட சேவையைக் கௌரவிக்கும் விதமாக அவளுக்கு இரண்டு ராக்குகள் வழங்கப்பட்டன. எல்லோரும் கைதட்டினார்கள்.

சின்ன லாரியில் ராக்குகள் வந்து இறங்கின. ஓட்டை ஓட்டையாக, ஆளைவிட உயரமான இரும்புக் கால்கள், தகடுகள், ஒரு பை நிறைய நட்டு போல்ட், கயிறு கட்டிய கோப்பு மூட்டைகள். வாத்தியார் வாசலுக்கு வந்தார்.

"இதெல்லாம் யாரோடது?"

"ஆபீஸோடது."

"ஆபீஸோடதா?" அவர் குரல் தாழ்ந்து, சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடப்பட்டது. "அப்போ மரியாதையா வைக்கணும். அம்மா, கொஞ்சம் வாங்க!"

அன்று மாலைக்குள் சின்ன அறை காலியாகிவிட்டது. கூம்புகளும் பலகைகளும் டிரைவிங் ஸ்கூல் காரின் டிக்கிக்குள் போயின. அங்கே அவை எப்போதும் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள் பழைய இரும்புக்காரரிடம் போனது. தகரப் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள் என்று மாமியாரே சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தரையைத் துடைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டார்.

"காத்து வரட்டும். பேப்பருக்குப் புழுக்கம் ஆகாது பாரு."

பதிவக்கா கதவில் சாய்ந்துகொண்டு அந்த அறையைப் பார்த்தாள். அதில் ஒரு ஜன்னல் இருந்ததையே அவள் மறந்திருந்தாள். ஜன்னல் வழியே வெயில் வந்து தரையில் நீளமாகப் படுத்திருந்தது. ஓர் ஆள் படுக்கிற நீளம். நாம் கேட்டபோது இல்லாத அறை, இரும்பு கேட்டவுடன் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, சொல்லவில்லை. சொல்லாததை வைக்க அவளுக்குள் தட்டுகள் நிறைய இருந்தன.

ஒரே ஒரு சிக்கல். அந்த அறையில் சுவரோரமாக ஒரு பரண் இருந்தது. ராக்கின் கால்கள் அதற்குக் கீழே நுழையவில்லை. ஒரு சாண் மிஞ்சியது.

சிக்கல் பல வீடுகளில் வந்திருக்க வேண்டும். உடனே சுற்றறிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை 'ஒருங்கிணைந்த வெட்டு நாள்'. எல்லா ஊழியர்களும் வீடியோவில் கூடி, வீட்டில் கிடைக்கும் எளிய கருவிகளால், ஒரே நேரத்தில் கால்களை அறுப்பார்கள். தேவையானவை: ஒரு ஆக்ஸா பிளேடு, அதற்கான சட்டம், இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், ஒரு அரம், ஒரு மெழுகுவர்த்தி, பழைய துண்டு. நிறுவனத்தின் அன்பளிப்பாக ஆளுக்கு ஒரு கையுறை. ஒன்றே ஒன்று, இடது கைக்கு. வலது கை வேலை செய்யும் கை, அதற்குப் பாதுகாப்பு அதன் உழைப்பே என்று சுற்றறிக்கை விளக்கியது.

ஞாயிறு காலை. மடிக்கணினி ஸ்டூல் மேல். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஓட்டை ஓட்டையான இரும்பு.

"அறுக்கறவங்க மட்டும் மைக்க அணைச்சுடுங்க" என்றார் மேலாளர். எல்லோரும் அறுத்தார்கள், யாரும் அணைக்கவில்லை.

"சார், எங்க வீட்டுல கூரை நல்ல உயரம். ராக் அப்படியே நிக்குது. வெட்டத் தேவையில்ல" என்றார் வரவேற்பு மேடம்.

"ஒற்றுமைக்காக வெட்டுங்க மேடம்."

வாத்தியார் ராக்கின் காலைக் கட்டிலின் விளிம்பில் வைத்து, துண்டைச் சுற்றி, கிளாம்ப் போட்டார். டேப்பால் அளந்து கோடு போட்டார். பிளேடை மாட்டி, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கிறீச்சென்றது. இரும்பில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"பிளேடு தலைகீழா மாட்டியிருக்கு" என்றாள் பதிவக்கா. "பல்லு முன்னாடி பாக்கணும்."

"தெரியும். முதல்ல ரிவர்ஸ்ல ஒரு தடவ பாக்கறது நல்லது" என்று அவர் பிளேடைத் திருப்பி மாட்டினார். "இப்ப நீ பிடி. மெதுவா... ஆக்சிலேட்டர் குடு... நேராப் பாரு, பிளேடப் பாக்காத, போற எடத்தப் பாரு... பிரேக்! பிரேக்!"

பிரேக் போடுவதற்குள் முதல் கால் அறுந்துவிட்டது. டேப் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அறுப்பு நட்டநடு ஓட்டையில் போய் விழுந்து, முனை இரண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. டேப்பை நம்பாமல் ஓட்டைகளை எண்ணி, இரண்டு ஓட்டைக்கு நடுவே அறுத்தால்தான் எல்லாக் கால்களும் ஒன்றுபோல் வரும் என்று அப்போது புரிந்தது. வாத்தியார் அதைத் தன் கண்டுபிடிப்பாக ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் பதிவக்கா திரையைப் பார்த்துக் கேட்டாள். எந்தத் திட்டமும் இல்லாமல் கேட்டாள் என்பதை இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"சார், பழைய பதிவறைக்கு ராத்திரி காவல் இருந்துச்சே. அந்த விதி அப்படியேதான இருக்கு?"

மேலாளருக்கு அப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் மலை விடுதியில் கற்ற முதல் பாடம்.

"நிச்சயமா! விதி விதிதான். பதிவு இருக்கற ரூம்ல ராத்திரி ஒரு ஆள் படுக்கணும். எல்லாரும் குறிச்சுக்குங்க."

"சார், எங்க வீட்டுல ராக் சமையலறையில இருக்கு" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"அப்ப சமையலறையில படுங்க. ஆள் இல்லாத வீட்டுக்கு நிறுவனமே காவலர அனுப்பும். நம்ம பழைய வாட்ச்மேன் இருக்காரே, அவரு. குறட்டை மட்டும் கொஞ்சம் பலமா இருக்கும், மத்தபடி தங்கமான ஆள்."

மாமியார் தொலைக்காட்சியை அணைத்தேவிட்டார்.

"ஏன்டா, ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆம்பளைய கொண்டு வந்து நம்ம வீட்டுக்குள்ள படுக்க வெப்பாங்களா?"

"ஆர்டர்னா என்னம்மா பண்றது?"

"வீட்டு ஆளே படுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?" மாமியார் ஒரு நொடி யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஏம்மா, உன் தங்கச்சி இருக்காளே! சும்மாதான அந்த விடுதியில கெடக்கா?"

"ஆமால்ல!" என்றார் வாத்தியார். "எனக்குத் தோணவே இல்ல பாரு."

பதிவக்கா மெழுகுவர்த்தியைப் பிளேடில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"வருவாளான்னு தெரியல. அதோட, இடம்..."

"இடத்துக்கு என்ன? அவ்ளோ பெரிய ரூம்!" என்றார் மாமியார். "நீ கூச்சப்படாத. அவளுக்குப் புரியற மாதிரி நான் பேசறேன். ஒரு ஆபத்து அவசரத்துக்கு உதவலன்னா அப்புறம் என்ன சொந்தம்?"

வாத்தியார் இதற்குள் டேப்பை நீட்டியிருந்தார். ராக்குகள் நின்றால் ஆள் படுக்க முடியாது. ஆள் படுத்தால் ராக்குகள் நிற்க முடியாது. போக்குவரத்து நெரிசலில் மாட்டிய முகத்தோடு அவர் நிமிர்ந்தார்.

"ராக்கு நிக்கத்தான் வேணுமா?" என்று பதிவக்கா பிளேடைப் பார்த்துக் கேட்டாள். "காலை முழங்கால் உயரத்துக்கு வெட்டிட்டா, நாலு குட்டி ராக்கா ஆகிடும். சேத்துப் போட்டா, உள்ள கோப்பு, மேல ஆள்."

மைக் திறந்துதான் இருந்தது. மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கிடைமட்டச் சிந்தனை! எல்லாரும் கேட்டீங்களா? இத்தன நாளா நாம செங்குத்தா யோசிச்சுக்கிட்டு இருந்தோம். பதிவக்கா கிடைமட்டமா யோசிச்சிருக்காங்க!"

எல்லாக் கட்டங்களிலும் கைதட்டல். யாரோ ஒருவர் ஒற்றைக் கையுறையோடு தட்டியதில் சத்தம் பாதிதான் வந்தது.

அன்று முழுவதும் அறுத்தார்கள். வாத்தியார் சீக்கிரம் களைத்து, மேற்பார்வைக்குப் பதவி உயர்ந்தார். பதிவக்கா இடது கையில் கையுறையும் வலது கையில் அதன் உழைப்புமாக நின்றாள். ஓட்டைகளை எண்ணி, சாக்பீஸால் குறித்து, பிளேடை நீளமாக ஓட்டினாள். தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும். இழுக்கும்போது சும்மா வரவேண்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தெரிந்துகொண்டபோது அவள் கை ஒரு கணம் நின்றது. தன் வாழ்நாள் முழுக்கத் தான் பின்வாங்கும்போதுதான் முழு பலத்தையும் போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு இரும்புத்தூளை ஊதிவிட்டு, தள்ளினாள்.

வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கினாள். தகடுகளைப் பூட்டி, நான்கு குட்டி ராக்குகளை ஒட்டிப் போட்டபோது, ஒடுக்கமான ஒரு கட்டில் வந்து நின்றது. வாத்தியார் டேப்பால் அளந்து அறுத்த அந்த முதல் கால் மட்டும் குட்டையாகி ஆடியது. அதற்கு அடியில், பரவலாக்கப்பட்ட பதிவறைத் திட்டம் தொடர்பான சுற்றறிக்கைகளை மடித்து வைத்தாள். கச்சிதமாக நின்றது. அந்தச் சுற்றறிக்கைகள் ஒரு காரியத்தைத் தாங்கியது அதுவே முதல்முறை.

மாதக் கடைசியில் சின்னவள் ஒரு பையோடு வந்தாள். மாமியார் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனசும்மா உனக்கு என்றார்.

அறைக்குள் போனதும் சின்னவள் மெத்தையை அழுத்திப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன?"

"கட்டில்."

"கீழ?"

"ஆபீஸ்."

"நான் என்ன பண்ணணும்?"

"தூங்கணும். அதான் உன் வேலை."

சின்னவள் சிரித்தாள். நாட்கணக்காகச் சிரிக்காத வாயில் சிரிப்பு வழி தெரியாமல் திரும்பியது. ஜன்னலைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள், கட்டிலின் தலைமாட்டில் கயிற்றில் தொங்கிய அட்டைச் சீட்டைப் பார்த்தாள்.

"இந்தச் சீட்டு கட்டிலுக்கா, எனக்கா?"

பதிவக்கா தலையணை உறையைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. தன் சாமர்த்தியத்தை எண்ணி அதுவரை உள்ளுக்குள் ஒரு பெருமிதம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி வந்ததும் அது நின்றுபோனது. 'என் தங்கச்சி இங்கதான் இருப்பா' என்று ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொல்ல ஆக்ஸா பிளேடு தேவையில்லை. அதைத்தான் அவள் இதுவரை சொல்லவில்லை.

திட்டம் மாபெரும் வெற்றி பெற்றதால், கொஞ்ச நாளில் மேலாளரே நேரில் ஆய்வுக்கு வந்தார். படம் எடுக்க ஓர் ஆளும் வந்தார். மேலாளர் கட்டிலுக்கு முன் குனிந்து கோப்புகளைப் பார்த்தார். எழுந்து, முழங்கால் உயரப் பதிவறையை வணங்காத குறையாக நின்றார். குட்டைக் காலின் கீழே மடித்திருந்த சுற்றறிக்கையில் தன் கையெழுத்தை அடையாளம் கண்டு நெகிழ்ந்தார்.

"இவ்ளோ சின்ன வீட்டுல எப்படி சார் இடம் பண்ணீங்க?"

"மனசு இருந்தா எடம் தானா வரும் சார்" என்றார் வாத்தியார் கேமராவைப் பார்த்து.

"எங்க வீட்டுல வந்தவங்கள இடம் இல்லன்னு சொன்ன வழக்கமே கெடையாது" என்றார் மாமியார். "அது எங்க மாமனார் காலத்துலேர்ந்து அப்படி."

சின்னவள் ஓரமாக நின்றாள். அவளை வைத்து ஒரு படம், அவள் இல்லாமல் ஒரு படம் எடுத்தார்கள். டீ வந்தது. டீயோடு மேலாளர் நற்செய்தியையும் எடுத்தார்.

"நிறுவனம் அடுத்த கட்டத்துக்குப் போகுது. எல்லாக் கோப்பும் கம்ப்யூட்டருக்குள்ள போகப் போகுது. அடுத்த மாசம் ராக்கு, கோப்பு எல்லாத்தையும் நாங்களே வந்து எடுத்துக்கறோம். இந்த ரூம் உங்களுக்குத் திரும்பக் காலியாக் கிடைக்கும்!"

வாத்தியார் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. சின்னவளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார்.

"ராக்கு போயிட்டா ரூம் காலியாயிடுமே" என்றார். "அப்புறம் இடம் எங்க இருக்கும்?"

"அதான!" என்று மாமியார் பெருமூச்சு விட்டார். "காவல் காக்க ஒண்ணும் இல்லாதப்ப, சும்மா ஒரு ரூம அடைச்சுக்கிட்டு... அவளும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்ல?"

சின்னவள் பேருந்து நிலையத்துக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"நான் ராக்கோட வந்தவ சார். என்னையும் ராக்கோடவே ஏத்திட்டுப் போயிடுவீங்களா?"

கேட்டது மேலாளரை. பார்த்தது அக்காவை.

பதிவக்கா டீத் தட்டைக் கட்டிலின் மேல் வைத்தாள். தலைமாட்டில் தொங்கிய சீட்டை அவிழ்த்தாள். அன்று குழாயடியில் தேடிக் கிடைக்காத கோபம் கைக்குக் கிடைத்த மாதிரி இருந்தது; அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ராக்க எடுத்துக்குங்க சார்" என்றாள். "என் தங்கச்சி இங்கதான் இருப்பா."

"இரும்மா, நான் வேணாம்னா சொல்றேன்?" என்றார் வாத்தியார். "இடம்..."

"ஆமா. இடம் இல்லன்னா எதையாவது குறைக்கத்தான் வேணும்." பதிவக்கா ஜன்னல் விளிம்பில் கிடந்த டேப்பை எடுத்தாள். பக்கத்திலேயே ஆக்ஸா பிளேடும் இருந்தது. பல் மழுங்காமல், நல்ல நிலையில். "ராக்கக் குறைச்சாச்சு. அவளக் குறைச்சு அனுப்பப் பாத்தோம். என்னை எப்பவோ குறைச்சாச்சு. இந்த வீட்டுல இன்னும் முழு உயரத்துல நிக்கறது யாருன்னு ஒரு தடவ அளந்து பாத்துடலாமா?"

டேப்பின் நாக்கு சரசரவென்று நீண்டது. புகைப்படக்காரர், பழக்க தோஷத்தில், ஒரு படம் எடுத்தார். அதில் மேலாளர் கைதட்டிக்கொண்டிருக்கிறார். மாமியார் மேலாளரைப் பார்த்துத் தானும் தட்டுகிறார். வாத்தியார் மட்டும், யாரும் சொல்லாமலே, கொஞ்சம் குனிந்து நிற்கிறார்.